ஓடுற ப்ரோக்ராமுக்குள்ள எட்டிப் பார்த்தவங்க

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து, வேளச்சேரி மெயின் ரோடு ஹாரன் சத்தத்தோட, இன்னொரு எபிசோட். ஆடியோல இருந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் கொஞ்சம் கழிச்சு, இங்க எழுத்தா போட்டிருக்கோம்.

டீபக்கிங்னா நம்மில் பாதிப் பேருக்கு ஒரே ஆயுதம்தான்: சந்தேகமான இடத்துல ஒரு பிரிண்ட். அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. கோடைப் படிச்சா என்ன நடக்கணும்னு தெரியும். இந்த நொடியில அந்த வேரியபிளுக்குள்ள என்ன நம்பர் இருக்குன்னு கோடுல எழுதியிருக்காது. அது ஓடும்போது மட்டுமே பிறக்கிற விஷயம். அந்த நம்பரைப் பார்க்க எழுபது வருஷத்துக்கு மேல ஆட்கள் என்னென்ன செஞ்சிருக்காங்க, பார்க்காம விட்டப்போ என்ன ஆச்சு, பார்த்தும் தப்பா புரிஞ்சுக்கிட்டப்போ என்ன ஆச்சு... இதுதான் இன்னைக்குக் கதை.

நம்ம வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கலாம். இங்கிருந்து நேர்கோடு போட்டா ஸ்ரீஹரிகோட்டா வடக்கே சுமார் 90 கிலோமீட்டர். ராத்திரி லாஞ்ச் இருந்து, வானமும் தெளிவா இருந்தா, மொட்டை மாடியிலிருந்தே ஒரு நெருப்புப் புள்ளி ஏறிப் போறது தெரியும். 1993 செப்டம்பர் 20 அன்னைக்குக் காலையில அங்கிருந்து கிளம்பினது பிஎஸ்எல்வி-டி1. இன்னைக்கு நாம "நம்ம பிஎஸ்எல்வி தானே, போயிடும்"னு சாதாரணமா சொல்ற ராக்கெட்டோட முதல் பயணம். மேல ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோள். அது சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவே இல்லை.

விசாரணையில ரெண்டு விஷயம் ஒண்ணா சேர்ந்து வெளிய வந்தது. இரண்டாம் கட்டம் கழன்று பிரியும்போது எதிர்பார்த்ததைவிடப் பெரிய குலுக்கல். அதைச் சரிக்கட்ட ராக்கெட்டுக்குள்ள இருந்த கம்ப்யூட்டர் கணக்குப் போடுது. பிட்ச் கன்ட்ரோல், அதாவது ராக்கெட்டோட மூக்கை மேலும் கீழும் திருப்புற கட்டளை. அந்தக் கட்டளையோட வேல்யூ எல்லையைத் தாண்டி ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு. சாஃப்ட்வேர்ல இருந்த ஒரு பிழை.

ஓவர்ஃப்ளோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பழைய ஸ்கூட்டர் மீட்டர் ஞாபகம் இருக்கா? 99999 ஓடி முடிஞ்சதும் அடுத்த கிலோமீட்டருக்கு 00000 காட்டும். கம்ப்யூட்டர்ல இன்னும் மோசம். 16 பிட் முழு எண்ணுக்கு உச்சம் 32,767. அதோட ஒண்ணு கூட்டினா பல மெஷின்ல வர்ற விடை மைனஸ் 32,768. "முழுசா வலது பக்கம் திருப்பு"ன்னு சொல்லணும்னு நினைச்ச வாய், "முழுசா இடது பக்கம்"னு சொல்லிடும்.

இதுல என்னை உறுத்துறது என்னன்னா, அந்தக் குலுக்கல் சின்னதா இருந்திருந்தா அந்தப் பிழை அன்னைக்கு வெளியவே வந்திருக்காது. வேல்யூ எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் அந்தக் கோடு நல்ல பிள்ளை. எத்தனை தடவை ஓட்டினாலும் சரியான விடைதான் கொடுக்கும். நாம எந்த ஓட்டத்தை ஓட்டிப் பார்க்கிறோமோ, அந்த ஓட்டத்தோட வேல்யூ மட்டும்தான் நம்ம கண்ணுல படும்.

சரி, ராக்கெட்டே போயிடுச்சே, உள்ள நடந்த கணக்கு எப்படித் தெரிஞ்சது? டெலிமெட்ரி. பறக்கும்போதே ராக்கெட் தன்னோட உள் நம்பர்களை ரேடியோ வழியா தரைக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். எந்த நம்பர்களை அனுப்பணும்னு முன்னாடியே யாரோ உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்காங்க. அடுத்த வருஷம், 1994 அக்டோபர் 15, பிஎஸ்எல்வி-டி2 ஒழுங்காப் போய்ச் சேர்ந்தது.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. நம்ம குரோம்பேட்டை எம்ஐடியில ஏரோநாட்டிகல் படிச்சு 1980-ல வெளிய வந்த கே. சிவன், 1982-ல இஸ்ரோவுல பிஎஸ்எல்வி திட்டத்துலதான் சேர்ந்தார். பின்னாடி இஸ்ரோ தலைவர் ஆனவர். அவர் பேர் சொல்ற வேலைகள்ல ஒண்ணு 'சித்தாரா'ங்கிற பாதைக் கணிப்பு சாஃப்ட்வேர். ராக்கெட் எப்படியெல்லாம் பறக்கலாம்னு தரையிலேயே ஓட்டிப் பார்க்கிறதுக்கு. சந்திரயான்-2 அன்னைக்கு அவர் அழுத வீடியோ எல்லாருக்கும் தெரியும். இந்த சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க குறைவு, அதான் சொன்னேன்.

இப்ப காலத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். 1949 மே மாசம் இங்கிலாந்துல, கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகத்துல, எட்சாக்னு ஒரு கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சது. அதைக் கட்டினவர் மாரிஸ் வில்க்ஸ். சில வாரத்துலயே மாடிப்படி ஏறும்போது அவருக்கு ஒரு ஞானம் வந்ததா பிற்காலத்துல எழுதினார்: மிச்ச வாழ்க்கையில பெரும்பகுதி, தான் எழுதின ப்ரோக்ராம்ல தானே தப்பு தேடறதுலதான் போகப்போகுதுன்னு. அப்போ அவர் எழுதிக்கிட்டிருந்தது 126 வரி ப்ரோக்ராம். அந்தக் காகித நாடா பல வருஷம் கழிச்சுக் கிடைச்சப்போ எண்ணிப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட இருபது தப்பு!

எட்சாக்ல மெமரியை எட்டிப் பார்க்க ஒரு சின்ன திரை இருந்தது. ஒவ்வொரு கட்டளையா நிறுத்தி நிறுத்தி ஓட்டவும் வழி இருந்தது. ஆனா ஒருத்தர் மெஷின் முன்னாடி உட்கார்ந்து முகவாயைச் சொறிஞ்சுக்கிட்டு யோசிச்சா, வரிசையில நிக்கிற மத்தவங்களுக்கு நேரம் போகும். அதனால ரெண்டு பழக்கம் வந்தது. ஒண்ணு, ப்ரோக்ராம் செத்ததும் மெமரியில இருக்கிறதை அச்சிட்டு எடுத்துட்டுப் போய் மேசையில வச்சுப் படிக்கிறது. பேர், போஸ்ட்மார்ட்டம். ஆமா, அப்பவே அந்தப் பேர்தான்.

இன்னொண்ணுதான் நம்ம விஷயம். ஸ்டான்லி கில்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் 1951-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் யோசனை இது: தப்பு தேடவேண்டிய ப்ரோக்ராமை நேரா ஓட விடாதே. இன்னொரு ப்ரோக்ராம் அதோட கட்டளைகளை ஒவ்வொண்ணா எடுக்கும், தானே அதைச் செய்யும், செஞ்சதை அச்சிடும், அடுத்ததுக்குப் போகும். ஒரு வகை கட்டளையோட எழுத்தை மட்டும் அச்சிடும், எந்த வழியா போச்சுன்னு தெரிய. இன்னொரு வகை எண்களை அச்சிடும். ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராமை உயிரோட வச்சு உள்ள பார்க்கிறது. இன்னைக்கு டைனமிக் அனாலிசிஸ்னு பெரிய பேர் வச்சு நாம செய்யறதோட விதை இதுதான். மெஷின் ஆமை வேகத்துக்கு வந்துடும், அது வேற.

நம்ம ஊர்ல? கிண்டிப் பக்கம் ஐஐடி மெட்ராஸுக்கு 1973-ல ஐபிஎம் 370/155 வந்தது. அந்த மெயின்பிரேம் குடும்பத்துல ப்ரோக்ராம் செத்தா டம்ப் வரும். மடிப்பு மடிப்பா காகிதத்துல ஹெக்ஸ் எண்கள். பின்னாடி சென்னையில ஐடி வளர்ந்தப்போ ஒரு தலைமுறையே இந்த டம்ப் படிச்சுத்தான் சம்பளம் வாங்கினது. ஓஎம்ஆர்ல மெயின்பிரேம் வேலை பார்த்த சீனியர் யாராவது தெரிஞ்சா, அவர்கிட்ட "எஸ்-ஜீரோ-சி-செவன்"னு மட்டும் சொல்லிப் பாருங்க, முகம் மாறும். எண் இருக்கவேண்டிய இடத்துல எண்ணே இல்லாத ஏதோ ஒண்ணு உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் வெறும் ஸ்பேஸ். மெஷின் கூட்டப் போய், "இது நம்பரே இல்லையே"ன்னு படுத்துடும். டம்ப்ல அந்த வேல்யூ தெரியும். அது அங்க எப்போ, யார் வழியா வந்ததுன்னு தெரியாது. போஸ்ட்மார்ட்டத்தோட குறை அதுதான்.

உயிரோட இருக்கும்போதே பார்க்கிற கலைக்கு வர்றேன். எண்பதுகள், தொண்ணூறுகள்ல இதுக்குன்னு தனித்தனி டூல் நிறைய வந்தது. எந்தத் துண்டு கோடு எத்தனை தடவை ஓடுச்சுன்னு எண்ண 'பிக்ஸி'. மெமரித் தப்பு பிடிக்க 'பியூரிஃபை'. மெமரியில ஒவ்வொரு பைட்டுக்கும் ரெண்டு பிட் பக்கத்துல வச்சுக்கிட்டு, இந்த இடம் ஒதுக்கப்பட்டதா, இதுல ஏதாவது எழுதியிருக்கான்னு கணக்குப் பார்க்கும். பியூரிஃபையை எழுதி, அதை விக்கிறதுக்கு 1991-ல கம்பெனி ஆரம்பிச்சவர் ரீட் ஹேஸ்டிங்ஸ். ஆமா, பின்னாடி நெட்ஃபிளிக்ஸ் ஆரம்பிச்ச அதே ஆள். பியூரிஃபைங்கிற பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வரும்.

ஒவ்வொரு டூலும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உங்க கேள்வி வேறன்னா நீங்களே புதுசா ஒரு டூல் எழுதணும். அது மாசக்கணக்கு வேலை. 1994-ல இதை மாத்தினது ரெண்டு பேர். ஒருத்தர் அமிதாப் ஸ்ரீவஸ்தவா, ஐஐடி கான்பூர்ல படிச்சவர், பின்னாடி மைக்ரோசாஃப்ட்ல அஷூர் உருவானப்போ அதை வழிநடத்தினவர். இன்னொருத்தர் ஆலன் யூஸ்டஸ். ரெண்டு பேரும் அப்போ டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியோட கலிஃபோர்னியா ஆய்வகத்துல. அவங்க செஞ்ச டூலோட பேர் ஏட்டம். (தமிழ்ல 'ஆட்டம்'னு எழுதினா விளையாட்டு மாதிரி ஆயிடுது.) யூஸ்டஸ் பின்னாடி கூகுள்ல பெரிய பதவிக்குப் போனார். 2014-ல பலூன்ல 41 கிலோமீட்டர் உயரம் போய் அங்கிருந்து குதிச்சார். சத்தியமா, அதே மனுஷன்தான்.

ஏட்டத்தோட அழகு ஒரு பிரிவினையில இருக்கு. நீங்க ரெண்டு ஃபைல் எழுதணும். ஒண்ணு, எங்கெங்க கண்ணு வைக்கணும்னு சொல்றது. இன்னொண்ணு, அந்தக் கண்ணு எதையாவது பார்த்தா என்ன செய்யணும்னு சொல்றது. முதலாவது இன்ஸ்ட்ருமென்டேஷன், ரெண்டாவது அனாலிசிஸ்.

கேம்ப் ரோடு சந்திப்புல சிசிடிவி மாட்ட வர்றவரை நினைச்சுப் பாருங்க. ரோடு எப்படி வளையுது, கம்பம் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். நாளைக்கு எந்த வண்டி போகும்னு தெரியாது. அவர் வேலை முடிஞ்சு போனதுக்கு அப்புறம்தான் வண்டிகளே வரும். இன்ஸ்ட்ருமென்டேஷன் பகுதி அவரை மாதிரி. "இது மெமரியில எழுதுற கட்டளை"ன்னு அதுக்குத் தெரியும். எந்த முகவரியில, என்ன நம்பரை எழுதப்போகுதுன்னு தெரியாது, ஏன்னா ப்ரோக்ராம் இன்னும் ஓடவே இல்லை. புதுசா இதுல இறங்குறவங்க முக்கால்வாசிப் பேர் கேமரா மாட்டுறவர்கிட்டயே போய், "என்ன வண்டி போச்சு?"ன்னு கேப்பாங்க.

ஏட்டம் இதுக்கு வச்ச தீர்வு ரொம்ப நேர்மையானது. அனாலிசிஸ் ஃபங்ஷனுக்கு என்னென்ன அனுப்பணும்னு அறிவிக்கும்போது, ஒரு ஆர்க்யுமென்ட்டோட வகையாவே 'வேல்யூ'ன்னு எழுதணும். "இப்போ என்கிட்ட இல்ல, ஓடும்போது வரும்"னு அர்த்தம். கிளை பிரியிற இடத்துல நிபந்தனையோட வேல்யூ கேக்கலாம். மெமரியைத் தொடுற கட்டளைன்னா அது தொடப்போற முகவரியைக் கேக்கலாம். கேட்டதைப் பிடிச்சுக் கொடுக்கிற கோடை ஏட்டமே உள்ள நுழைச்சிடும்.

பார்க்கப் போறவன் பார்க்கப்படுறதைக் கலைச்சிடக்கூடாதுன்னும் அவங்க கவலைப்பட்டாங்க. உங்க ப்ரோக்ராமும் பிரிண்ட்எஃப் கூப்பிடுது, உங்க அனாலிசிஸ் கோடும் பிரிண்ட்எஃப் கூப்பிடுதுன்னா, ஏட்டம் ரெண்டு தனித்தனி காப்பி வைக்கும். ப்ரோக்ராமோட டேட்டா முகவரிகள் பழையபடியே இருக்கும். பிரிண்ட் போட்டதும் பக் காணாமப் போற அனுபவம் உங்களுக்கு இருந்தா, இந்தக் கவலையோட அருமை புரியும்.

ஏட்டம் வந்து ரெண்டு வருஷத்துல இன்னொரு ராக்கெட். 1996 ஜூன் 4, ஐரோப்பாவோட ஏரியான் 5, இதுவும் முதல் பயணம். 40 நொடிக்குள்ள பாதை விலகி வெடிச்சது. 64 பிட் தசம எண் ஒண்ணை 16 பிட் முழு எண்ணா மாத்தினப்போ அது கொள்ளலை. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்த கோடு. அதுல அந்த வேல்யூ அவ்ளோ பெருசா போனதே இல்லை. அப்படிப்பட்ட ஏழு வேரியபிள்ல நாலுக்கு மட்டும் காப்பு போட்டிருந்தாங்க. மூணை விட்டதுக்குக் காரணம், அந்தக் கம்ப்யூட்டரோட சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு இலக்கு. இத்தனைக்கும் அது, கிளம்பின பிறகு தேவையே இல்லாத ஒரு கணக்கு.

ஆனா என்னை உலுக்கினது அடுத்த பாகம். திசை சொல்ற கம்ப்யூட்டர் விழும்போது, "நான் இப்படி விழுந்தேன்"னு சொல்ற டயக்னாஸ்டிக் தகவலை வெளிய அனுப்புது. அதாவது, மனுஷங்க பின்னாடி படிக்கிறதுக்கான டீபக் அவுட்புட். மெயின் கம்ப்யூட்டர் அதை நிஜமான பறக்கும் தகவல்னு எடுத்துக்கிட்டு, இன்ஜின் முனைகளைக் கடைசி வரைக்கும் திருப்பச் சொல்லிடுச்சு. உள்ள நடந்ததைக் காட்ட வச்ச வழியே கவுத்துடுச்சு. புதுப் பாதையோட நம்பர்களை வச்சு அந்தக் கம்ப்யூட்டரைத் தரையில ஒரு தடவை ஓட்டியிருந்தா இது தெரிஞ்சிருக்கும்னு விசாரணைக் குழுவே எழுதினது. 1993 செப்டம்பர்ல நம்ம பக்கத்துல நடந்ததை வச்சுப் பார்த்தா, எனக்கு இது ஆச்சரியமாவே இல்லை.

2000-க்கு மேல இந்த வேலை லினக்ஸுக்கும் இன்டெல் சிப்புக்கும் வந்தது. 2005-ல இன்டெல் 'பின்' பத்திய கட்டுரையை வெளியிட்டது. எழுதின ஒன்பது பேர்ல ஹரிஷ் பாட்டீலும் விஜய் ஜனபா ரெட்டியும் உண்டு. ஏட்டத்தோட பிரிவினைதான், ஆனா ஃபைலை முன்கூட்டியே மாத்தாம, ப்ரோக்ராம் ஓட ஓடவே கோடை மாத்தி எழுதிக்கிட்டே போகும். ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸ்லயும் போய் ஒட்டிக்கும்.

பின்ல கை வச்சவங்களுக்கு ஒரு முடிச்சு தெரியும். மெமரியில எழுதுற ஒரு கட்டளை, என்ன எழுதுச்சுன்னு பார்க்கணும். கட்டளைக்கு முன்னாடி நின்னா முகவரி கிடைக்கும், ஆனா வேல்யூ இன்னும் எழுதப்படலை. பின்னாடி நின்னா வேல்யூ இருக்கும், ஆனா முகவரியைக் கேட்டா பின் தராது. ஏன்னா முகவரியைக் கணக்குப் போட உதவின ரெஜிஸ்டரையே அந்தக் கட்டளை மாத்தியிருக்கலாம். ஸ்டாக்ல புஷ் பண்றதை யோசிங்க, எழுதும், கூடவே ஸ்டாக் பாயின்டரையும் நகர்த்திடும். அதனால முன்னாடி நின்னு முகவரியை அந்த த்ரெட்டோட பையில போட்டு வச்சுக்கிட்டு, பின்னாடி வந்து அந்த முகவரியில இருக்கிறதைப் படிக்கணும். அதுக்குள்ள இன்னொரு த்ரெட் வந்து அதே இடத்துல எழுதிட்டா? நடக்கும். அதுக்காகத்தான் 2010-ல பாட்டீலும் கூட்டாளிகளும் 'பின்பிளே' கொண்டுவந்தாங்க. ஒரு ஓட்டத்தை அப்படியே பதிஞ்சு வச்சு, மாறாம திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

இதே காலத்துல, மறுபடி அதே கேம்ப்ரிட்ஜ். ஜூலியன் சீவர்ட் 2002-ல வால்கிரின்ட் வெளியிட்டார். நிக்கலஸ் நெதர்கோட் கேம்ப்ரிட்ஜ்ல இதை வச்சே பிஎச்டி பண்ணினார். (நாம எல்லாரும் வெட் கிரைண்டர் ஞாபகத்துல 'வால்கிரைண்ட்'னுதான் சொல்றோம், பரவாயில்லை.) அதுல இருக்கிற மெம்செக், பியூரிஃபையைவிட ஒரு படி மேல போய், ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நிழல் பிட் வச்சுக்கும். இந்த பிட்ல யாராவது எதையாவது எழுதினாங்களா, இல்ல சும்மா கிடந்த குப்பையா? குப்பையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்தா மெம்செக் வாயைத் திறக்காது. கூட்டினா, கழிச்சா, நிழலும் கூடவே போகும். அந்தக் குப்பையை வச்சு ப்ரோக்ராம் ஒரு முடிவு எடுக்கும்போதுதான் கத்தும். விலை, ப்ரோக்ராம் சாதாரணமா 20, 30 மடங்கு மெதுவாகும்.

கத்துறது மட்டும்தான் அதோட வேலை. ஏன் அங்க குப்பை இருக்குன்னு அதுக்குத் தெரியாது. 2006-ல டெபியன் லினக்ஸ்ல நடந்தது அதுதான். டெபியன் நமக்கு ஒண்ணும் தூரம் இல்ல, சி-டாக் சென்னை கொண்டுவந்த பாஸ் லினக்ஸ் அதுமேலதான் கட்டினது. ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற லைப்ரரிதான் இன்டர்நெட்ல பாதிப் பூட்டுகளுக்குச் சாவி செய்யற பட்டறை. அதைப் பயன்படுத்தின ப்ரோக்ராம்களை வால்கிரின்ட்ல ஓட்டினா, எழுதப்படாத வேல்யூன்னு எச்சரிக்கையா கொட்டும். தேடிப் போனா ஒரே மாதிரி ரெண்டு வரி. ஒண்ணை எடுத்தா பெரிய பாதிப்பு இல்லை. இன்னொண்ணு வழியாத்தான், யாராலும் ஊகிக்க முடியாத ராண்டம் தகவல் மொத்தமும் உள்ள போகுது. சில சமயம் அதோட கொஞ்சம் குப்பையும் சேர்ந்து போகும், அதுக்குத்தான் எச்சரிக்கை. ரெண்டு வரியையும் கமென்ட் பண்ணிட்டாங்க. எச்சரிக்கை நின்னுடுச்சு.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் யாரும் கவனிக்கலை. சாவி உருவாக்க மிஞ்சினது கிட்டத்தட்ட ப்ராசஸ் ஐடி மட்டும்தான். அதுக்கு அன்னைக்கு வழக்கமான உச்சம் 32,768. அவ்வளவு சாவியையும் முன்கூட்டியே செஞ்சு ஒரு சின்ன பென் டிரைவ்ல போட்டுக்கலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடிச்சு, 2008 மே 13 அன்னைக்கு டெபியன் அறிவிச்சது. அந்த ரெண்டு வருஷத்துல டெபியன்லயும் உபுண்டுலயும் உருவாக்கின எஸ்எஸ்எச் சாவிகளைத் தூக்கிப் போட்டு புதுசா செய்யவேண்டியதாச்சு. கெட்ட சாவிகளோட பட்டியலையே ஒரு பாக்கேஜா விநியோகிச்சாங்க.

அந்த ரெண்டு வரில, எடுத்தாலும் பரவாயில்லைன்னு சொன்ன வரிக்குப் பக்கத்துல ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க ரொம்ப முன்னாடியே ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தாங்க: இங்க பியூரிஃபை புகார் சொல்லும்னு. உயிர்நாடியான இன்னொரு வரிக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லாம இருந்தது. இந்தக் களேபரம் முடிஞ்ச பிறகு அதுக்கு மேலயும் ஒண்ணு சேர்த்தாங்க, முழுக்கப் பெரிய எழுத்துல: கீழ இருக்கிற வரியை எடுக்காதீங்க.